சங்கிலிக்குப் பிறந்ததா அல்சேஷன்?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

நம் கல்லூரிக்கு வரும் வழியில், பேருந்தை விட்டு இறங்கிக் குறுக்கே நடந்தால் மாடி வீடுகள் நிறைந்த தெரு ஒன்று வரும். அந்தத் தெருவில் ஏறக்குறைய எல்லா வாயிற்கதவுகளிலும் ஒரு பலகை தொங்கும். ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று சிவப்பு எழுத்து. சில பலகைகளில் நாக்கைத் தொங்கவிட்ட அல்சேஷன் நாயின் படமும் இருக்கும். வீட்டுக்காரரின் பெயர்ப் பலகையைவிட இது பெரிதாக இருப்பதும் உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் கார் நிறுத்தும் கொட்டகையின் தூணிலோ, பின்கட்டுக் கொய்யா மரத்திலோ, நான்கு முழச் சங்கிலியில் ஓர் அல்சேஷன் கட்டுண்டு கிடக்கும். காலை முதல் இரவு வரை அதன் உலகம் அந்த நான்கு முழம்தான்.

இந்த நாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பன் ஒருவன் சிரித்தான். “ஏன்டா, மனுஷன் படிக்கப் பீஸ் கட்ட வழியில்லாம இருக்கான். நீ பணக்காரன் வீட்டு நாய்க்கு அழறியா?” என்றான். கேள்வி நியாயமானது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நம்மில் பலர் வீட்டில் பால் காணாத நாட்கள் உண்டு. அந்த வீடுகளில் நாய்க்குப் பாலும் முட்டையும் வைக்கிறார்கள் என்பதை நாமும் கண்டிருக்கிறோம். அந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. ஆனால் நண்பர்களே, பாலும் முட்டையும் வைத்தவர்கள் அந்த நாய்க்கு ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. வேலை! வேலைக்கென்றே உருவான ஓர் உயிரை வேலையில்லாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட தண்டனை என்பதை அரசு கலைக் கல்லூரி மாணவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தப் பெயரைப் பார்ப்போம். நாம் அல்சேஷன் என்கிறோம். அல்சேஸ் என்பது பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிப் பிடித்துக்கொண்ட எல்லைப் பகுதி. நாய்க்கும் அதற்கும் பெரிய உறவு ஒன்றும் கிடையாது. முதல் உலகப் போர் முடிந்த வேளையில் இங்கிலாந்தில் ஜெர்மனி என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் கொதித்தார்கள். அதனால் 1919-இல் அந்நாட்டு நாய் வளர்ப்போர் கழகம் இந்த இனத்தை ‘அல்சேஷன் ஓநாய் நாய்’ என்று பதிவு செய்துகொண்டது. மனிதர் சண்டையில் நாய்க்குப் பெயர் போயிற்று! வெள்ளைக்காரர் வழியாக நமக்கு வந்ததால் நமக்கும் அதே பெயர். 1977-இல் அவர்களே மனம் மாறி ‘ஜெர்மன் ஷெப்பர்டு’ என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் தெருக்களில் மட்டும் அல்சேஷன் இன்னும் போகவில்லை. நானும் பழக்கத்தை விடாமல் அப்படியே எழுதுகிறேன்.

ஷெப்பர்டு என்றால் மேய்ப்பன். இங்கேதான் செய்தி இருக்கிறது. ஜெர்மனியின் பல பகுதிகளில் வயல்களுக்கு வேலி கிடையாது. இரண்டு பயிர் வயல்களுக்கு நடுவே புல் முளைத்த துண்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான ஆடுகளை மேய்க்க வேண்டும். ஆடு ஓரடி நகர்ந்தால் கோதுமை போய்விடும். அங்கே வேலியாக நின்றது நாய்தான். நின்றது என்று சொல்வதுகூடத் தவறு, ஓடியது. பயிருக்கும் புல்லுக்கும் இடையிலுள்ள கோட்டில் காலை முதல் மாலை வரை முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டைக் கடித்துக் குதறக் கூடாது. எல்லை மீறவும் விடக் கூடாது. மேய்ப்பன் நூறு அடி தொலைவில் தடியூன்றி நிற்பான். எந்த ஆடு எப்போது கழுத்தை நீட்டும் என்பதை அவன் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நாயே பார்த்து, நாயே முடிவு செய்ய வேண்டும். இந்த இனத்தின் உடலிலும் மூளையிலும் எழுதப்பட்டிருக்கும் முதல் பாடம் இதுதான். நாள் முழுதும் ஓடு, சொல்வதைக் கேள், சொல்லாததையும் பார்த்துக்கொள்.

இந்த மேய்ப்பு நாய்களை ஓர் இனமாக வரையறுத்தவர் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி. 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த நாய்க் காட்சிக்குப் போனவர், ஓநாயைப் போலத் தோன்றிய மேய்ப்பு நாய் ஒன்றைக் கண்டு அங்கேயே விலைக்கு வாங்கினார். ஹொராண்ட் என்று புதுப் பெயர் வைத்தார். அதே மாதம் 22-ஆம் நாள் இந்த இனத்துக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் முதல் எண் ஹொராண்டுக்குத்தான். ஸ்டெஃபானிட்ஸ் விடாமல் வற்புறுத்தியது ஒன்று. இந்த நாய்க்கு அழகு என்று தனியே ஒன்றில்லை. வேலைக்கு ஏற்ற உடம்பே இதற்கு அழகு. ஆண் நாய் தோள் வரை அறுபது முதல் அறுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம், முப்பது முதல் நாற்பது கிலோ எடை என்று இன்றுவரை உள்ள அளவுகள், ஓடுவதற்கும் தாண்டுவதற்கும் தாங்கும் அளவுகளேயன்றிப் பார்ப்பதற்காக வைத்தவை அல்ல.

ஆனால் அவர் சங்கம் தொடங்கிய நாளிலேயே ஆலைகள் பெருகி, மேய்ச்சல் நிலம் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஆடில்லாத ஊரில் மேய்ப்பு நாய்க்கு என்ன வேலை? மனிதர் வியாபாரம் போனால் பிழைப்பு மாற்றிக்கொள்வது போல இந்த நாய்க்கும் பிழைப்பு மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டெஃபானிட்ஸ் காவல்துறையின் கதவைத் தட்டினார்; பிறகு படையின் கதவை. முதல் உலகப் போரில் செய்தி கொண்டு ஓடவும், காயம்பட்டுக் கிடப்பவரைத் தேடவும் அந்த நாய்கள் போயின. அதன்பின் உலகெங்கும் ‘போலீஸ் நாய்’ என்றாலே இந்த முகம்தான் என்றாயிற்று.

நம் நாட்டிலும் மீரட் நகரில் படைக்கும், குவாலியருக்கு அருகே டெக்கான்பூரில் எல்லைக் காவல் படைக்கும் நாய்ப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. நம் ஊர்ப் பாமர மக்களுக்கோ போலீஸ் நாயைத் தெரிந்தது நாளேடு வழியாக. கொள்ளைச் செய்தி எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு வாக்கியம் அச்சில் வார்த்தது போல நிற்கும். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்று. பாவம், நாய் என்ன செய்யும்? திருட்டு நடந்த வீட்டுக்குள் ஊரே திரண்டு வந்து நின்று மிதித்த பிறகு, எந்த வாடையைப் பிடித்துக்கொண்டு அது ஓடும்? பேருந்து நிலையம் வரை ஓடிப் போய் நின்றதே, அது போதாதா? திருடன் அங்கே பேருந்து ஏறிவிட்டான் என்று நாய் சொல்லிவிட்டது. மற்றது நம் வேலை.

நிற்க. காவல் நாயாகவும் போர் நாயாகவும் இது புகழ்பெற்றதை எல்லோரும் அறிவர். என் மனத்தைத் தொட்டது வேறொரு வேலை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசிரியர் குழு இடம் தர வேண்டும்.

அதே முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் கண்ணிழந்து திரும்பினார்கள். 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்டு ஸ்டாலிங் என்னும் மருத்துவர், அவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தம் நாயைக் கண் தெரியாத நோயாளி ஒருவரோடு சிறிது நேரம் விட்டுச் சென்று திரும்பியபோது, அந்த நாய் அவரைப் பார்த்துப் பார்த்து நடத்திச் சென்ற விதத்தைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். பின்னர் போட்ஸ்டாம் நகரிலும் 1923-இல் இப்படி ஒரு பள்ளி வந்தது. சுவிட்சர்லாந்தில் அல்சேஷன்களை வளர்த்துவந்த டோரத்தி யூஸ்டிஸ் என்ற அமெரிக்க அம்மையார் அந்தப் பள்ளியைக் கண்டு வியந்து, 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் கட்டுரை எழுதினார். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஒரு தந்தை, கண் தெரியாத தம் மகனுக்கு அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினார்.

அந்த மகன் மாரிஸ் ஃபிராங்க். ஆறு வயதில் ஒரு கண், பதினாறு வயதில் மற்றொரு கண் என்று இரண்டையும் விபத்துகளில் இழந்தவர். அப்போது அவருக்கு நம் வயதுதான். எங்கு போக வேண்டுமானாலும் இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டிய வாழ்வு அவருக்குக் கசந்துபோயிருந்தது. யூஸ்டிஸ் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். 1928-இல் தனியே கப்பலேறி சுவிட்சர்லாந்து போனார். அங்கே அவரிடம் ஒரு பெண் அல்சேஷனைக் கொடுத்தார்கள். அதன் பெயர் கிஸ். ஆண் பிள்ளை தெருவில் அப்படிக் கூப்பிட முடியுமா? ‘பட்டி’ என்று மாற்றிவிட்டார். நம் ஊர்ப் பட்டி அல்ல. தோழன் என்று பொருள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இந்த நாயை நம்பித் துறைமுகத்தை ஒட்டிய அகலத் தெருவைக் கடந்து காட்டுங்கள் பார்ப்போம் என்றார்கள். வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும் தெரு அது. ஃபிராங்குக்கு அது எப்படிப்பட்ட தெரு என்றுகூடத் தெரியாது. பட்டியின் முதுகில் பூட்டிய வாரின் பிடியை இடக்கையில் பற்றிக்கொண்டு, போ என்றார். பட்டி நடந்தது, நின்றது, பின்வாங்கியது, மறுபடி நடந்தது. மறுகரை வந்து சேர்ந்தார்கள். யூஸ்டிஸ் அம்மையாருக்கு ஃபிராங்க் அடித்த தந்தியில் ‘வெற்றி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி நாஷ்வில்லில் தொடங்கியது. ரயில்களிலும் விடுதிகளிலும் நாயை உள்ளே விடமாட்டோம் என்றவர்களோடு ஃபிராங்க் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1938-இல் பட்டி இறந்தது. பிறகு வந்த தம் நாய்களுக்கெல்லாம் அவர் பட்டி என்றே பெயர் வைத்தார். இங்கிலாந்திலும் 1931-இல் முதன்முதலாகப் பார்வையற்ற நால்வருக்கு வழிகாட்டிய நான்கு நாய்களும் அல்சேஷன்களே.

இந்த நாய்களுக்குக் கற்பிக்கும் பாடங்களில் ஒன்றைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். தெருவின் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே போவது என்பதை முடிவு செய்பவர் மனிதர். நாய்க்குச் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு ஒன்றும் தெரியாது. வண்டிகளின் ஓசையைக் கேட்டு, இப்போது கடக்கலாம் என்று மனிதர்தான் கட்டளையிடுகிறார். அந்த நேரம் ஒரு கார் திரும்பி வந்தாலோ, எதிரே பள்ளம் இருந்தாலோ நாய் அந்தக் கட்டளையைக் கேட்கக் கூடாது. அசையாமல் நிற்க வேண்டும். அவர் திரும்பத் திரும்ப அதட்டினாலும் நிற்க வேண்டும். அறிந்து கீழ்ப்படியாமை என்று அதற்குப் பெயர் சொல்லலாம். நாய்க்குக் கீழ்ப்படியக் கற்றுத்தருவது எளிது. எப்போது கீழ்ப்படியக் கூடாது என்று கற்றுத்தந்திருக்கிறார்களே! அதை அந்த நாயும் கற்றுக்கொண்டதே!

நம் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் படிக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு மாலை வேளைகளில் நான் பாடம் படித்துக் காட்டுவதுண்டு. பட்டியின் கதையை அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாய் நின்னப்ப அவரு கோவிச்சுக்கிட்டாரா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். “நான் கோவிச்சிருப்பேன். என்னைக் கூட்டிட்டுப் போற எல்லாரும் அவங்க இஷ்டத்துக்குத்தானே நிறுத்துறாங்க? ஆனா அது எதுக்கு நின்னுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு அழுதிருப்பேன்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “எனக்கு நாய் வேண்டாம்ப்பா. முதல்லே நம்ம காலேஜ் வாசல்லே இருக்கிற திறந்த சாக்கடைய மூடச் சொல்லு. கம்பு போதும்” என்றார். அந்தச் சாக்கடை இந்த மலர் அச்சேறும் வரை மூடப்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வரலாறு படிப்பவன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது. கண்ணிழந்தவருக்கு வழிகாட்டிய பள்ளிகள் தோன்றிய அதே ஜெர்மனியில், இருபது ஆண்டு கழித்து, ஹிட்லரின் வதை முகாம்களில் எஸ்.எஸ். காவலர் கையில் இருந்ததும் இதே இனம்தான். ரயிலிலிருந்து இறங்கிய யூத மக்கள் முதலில் கேட்டது இந்த நாய்களின் குரைப்பை என்று உயிர்தப்பியவர் பலர் எழுதியிருக்கிறார்கள். பின்னர் பெர்லின் சுவர் நெடுகிலும் நீண்ட கம்பியில் கோத்த சங்கிலியோடு ஓடித் தன் நாட்டு மக்களையே உள்ளே நிறுத்திவைத்த நாய்களிலும் இவை இருந்தன. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரில் 1963 மே மாதம், சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மாணவர்கள் மீது காவலர் நாய்களை ஏவினார்கள். ஓர் இளைஞனின் வயிற்றை நோக்கி அல்சேஷன் பாயும் படம் மறுநாள் நாளேடுகளில் வெளியாகி உலகையே உலுக்கியது. அந்த ஊர்வலத்தில் போனவர்களும் நம்மைப் போன்ற மாணவர்கள்தாம். பலர் நம்மைவிட இளையவர்கள்.

பட்டிக்கும் அந்த நாய்க்கும் பிறப்பில் வேறுபாடில்லை. வேலை கொடு, செய்கிறேன் என்று இரண்டும் ஒரே முகத்தோடுதான் மனிதனைப் பார்த்தன. ஒன்றுக்கு வேண்டாம் என்று மறுக்கவும் கற்றுத்தந்தார்கள். மற்றொன்றுக்குப் பாயக் கற்றுத்தந்தார்கள், அவ்வளவுதான். ஆகவே நாயைப் பழிப்பதும் பொருந்தாது. நன்றியுள்ள பிராணி என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவதும் பொருந்தாது. நான்காம் வகுப்பில் நாயைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னால் முதல் வாக்கியமே ‘நாய் நன்றியுள்ள பிராணி’ என்றுதான் எழுதினோம். நன்றியைப் பற்றி எழுதினோம். அந்த நாய்க்கு நாம் பட்ட கடனைப் பற்றி எழுதவில்லை.

என் கடனைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருக் கோடியிலிருந்த மாடி வீட்டில் சீசர் என்று ஓர் அல்சேஷன் இருந்தது. வீட்டுக்காரரின் மகன் ஆசையாக வாங்கி வந்தது. அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். பெரியவருக்கு மூட்டுவலி. நாய் பின்கட்டுத் தூணுக்குப் போயிற்று. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் புண்ணாகி, யார் போனாலும் சங்கிலி அறுந்துவிடும்படி பாயும். ஒருநாள் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, காலையிலும் சாயங்காலமும் இதை ஒரு சுற்று அழைத்துப் போய் வருகிறாயா? மாதம் ஐந்நூறு ரூபாய் தருகிறேன்” என்றார். எனக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் ஐந்நூறு ரூபாய் என் வீட்டுக்குச் சிறு தொகை அல்ல. சரி என்றேன்.

முதல் வாரம் அது என்னை இழுத்துப் போயிற்று என்பதே உண்மை. இரண்டாம் வாரம் சேர்ந்து நடந்தோம். ஏரிக்கரை வரை போய் வருவோம். ஒருநாள் திரும்பும்போது பால் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் வெறும் துணிப்பை ஒன்றை விளையாட்டாக அதன் வாயருகே நீட்டினேன். கவ்விக்கொண்டது. வீடு வரை கீழே போடவில்லை. அன்று முதல் அதுவே சீசரின் வேலையாயிற்று. பையைக் கவ்விக்கொண்டு தெருவில் வரும்போது அதன் நடையைப் பார்க்க வேண்டுமே, தலையாரி ஓலை கொண்டு வருவது போல! பை வாயில் இருக்கும்வரை அது யாரையும் பார்த்துக் குரைத்ததில்லை. அதுவரை பயந்து ஒதுங்கிய தெருப் பிள்ளைகள், “சீசர் பால் வாங்கப் போகுது” என்று பின்னால் ஓடிவர ஆரம்பித்தார்கள். நான் பயிற்சியாளன் அல்லன். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் செய்தது ஒரு துணிப்பையைக் கொடுத்தது மட்டுமே.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு பொதுத் தேர்வு வந்தது. படிக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டேன். வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன், வைத்துக்கொள்ளவில்லை. சீசர் மறுபடி தூணுக்குப் போயிற்று. முதல் சில நாள் நான் அந்த வழியாகப் போகும்போது அது குரைக்காமல் எழுந்து நின்று பார்க்கும். நான் வேகமாகக் கடந்துவிடுவேன். பின்னர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். தேர்வு முடிவு வந்த வாரத்தில், எரிவாயு உருளை கொண்டுவந்த தொழிலாளி ஒருவரை அது தொடையில் கடித்துவிட்டது. தையல் போட்டார்கள், ஊசி போட்டுக்கொண்டார். அன்றாடக் கூலிக்காரர் அவர். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு யார் கணக்குச் சொல்வது? நாய்க்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். மறுநாள் வண்டியில் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தத் தொழிலாளியைக் கடித்தது சீசர்தான். அதில் எனக்கும் பங்குண்டு என்று இன்றும் எண்ணுகிறேன்.

‘அப்படியானால் அல்சேஷன் வளர்க்கவே கூடாதா?’ என்று கேட்பீர்கள். பெரும்பாலோர் வளர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. இரட்டை அடுக்கு முடியோடு குளிர் நாட்டில் ஓடுவதற்குப் பிறந்த உயிர் இது. உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை ஆற்றிக்கொள்ள நாயால் இயலாது. மூச்சிரைத்துத்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் கட்டிப்போட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். காவலுக்குத்தான் வேண்டும் என்றால் ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை. (அவற்றையும் சங்கிலியில் கட்டத்தான் போகிறோம் என்றால் அந்தப் பேச்சையும் விட்டுவிடலாம்.) நாள்தோறும் ஒரு மணி நேரம் உடன் நடக்கவும் ஓடவும், ஏதேனும் ஒரு சிறு வேலையைக் கற்றுத்தரவும் ஆள் உண்டா? உண்டென்றால் அதைவிட நல்ல தோழன் கிடைப்பது அரிது. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கும் என்று வளர்த்தவர்கள் சொல்வார்கள். எல்லைக்கோட்டில் ஓடிய பழைய மேய்ப்பனின் புத்தி அது. ஆள் இல்லையென்றால், தயவு செய்து வாங்காதீர்கள்.

அழகுக்காக வளர்ப்பதால் வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். காட்சி மேடைப் பரிசுக்காகப் பின்னங்கால் தாழ்ந்து முதுகு சரிந்த உருவத்தையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். 2016-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் காட்சியில் இந்த இனத்தில் முதற்பரிசு பெற்ற நாய், சரிந்த முதுகோடு ஒழுங்காக நடக்கவே தடுமாறியதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் கொதித்தெழுந்தார்கள். வேலைக்கு ஏற்ற உடம்பே அழகு என்று சொன்ன ஸ்டெஃபானிட்ஸ் அதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! இடுப்பு மூட்டு நோய் இந்த இனத்தைப் பிடித்து ஆட்டுகிறது. குட்டி விற்போரிடம் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே எங்கே என்று நம் ஊரில் எத்தனை பேர் கேட்கிறோம்? காது நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம்.

இன்று படைகளிலும் காவல்துறைகளிலும் பெல்ஜியம் நாட்டு மலினாய் என்ற இனம் அல்சேஷனின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. வழிகாட்டும் வேலைக்கு லாப்ரடார் வந்துவிட்டது. ஆனாலும் பழைய தொழிலாளி முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது மெக்சிகோ நாட்டுப் படை, இடிபாடுகளில் மனிதரைத் தேட நாய்களை அனுப்பியது. அவற்றில் புரோட்டியோ என்ற ஒன்பது வயது அல்சேஷன் தேடும் பணியிலேயே உயிர்விட்டது. துருக்கி நாட்டினர் நன்றியாக ஓர் அல்சேஷன் குட்டியை மெக்சிகோவுக்கு அனுப்பிவைத்தார்கள். துருக்கி மொழியில் தோழன் என்று பொருள்படும்படி அதற்கு அர்கதாஷ் என்று பெயர். பட்டி என்றாலும் தோழன். அர்கதாஷ் என்றாலும் தோழன். நாமோ சீசர், டைகர், ராக்கி என்று வைத்துக் கட்டிப்போடுகிறோம்.

எங்கள் தெருக் கோடி வீட்டில் சீசர் போன பிறகும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை அப்படியே தொங்கியது. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது உள்ளிருந்து மெல்லிய குரைப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெளிநாட்டு மகன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்துப் போயிருக்கிறாராம்; இரண்டு மாதக் குட்டி. ஒரு காது நிமிர்ந்து, மற்றொன்று இன்னும் மடங்கிக் கிடந்தது. மாடிப்படியில் ஏறத் தெரியாமல் முதற்படியிலேயே முன்னங்காலை வைத்துக்கொண்டு நின்றது. மனிதரையும் ஓசைகளையும் கண்டு அஞ்சாமல் பழக வேண்டியது இந்த முதல் மூன்று நான்கு மாதத்தில்தான் என்று படித்திருக்கிறேன். கழுத்தில் சங்கிலி இன்னும் ஏறவில்லை. பின்கட்டுத் தூணில் சீசரின் சங்கிலி தேய்த்த தடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

பெரியவர் என்னை அடையாளம் கண்டு, “என்ன தம்பி, காலேஜ் எல்லாம் எப்படிப் போகிறது?” என்று கேட்டார். நன்றாகப் போகிறது ஐயா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. தேர்வு முடிந்து விடுமுறைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குத்தான் போகப் போகிறேன். மாதச் சம்பளம் வேண்டாம் என்று சொல்வேன். என் தம்பி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். நான் கல்லூரி திரும்பிய பிறகு அவன் போவான். இரண்டு பேரும் போக முடியாத நாளில் யார் போவது என்பதையும் இப்போதே பெரியவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். பழைய துணிப்பை ஒன்றை அம்மாவிடம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.